சின்னமுத்துவுக்குப் பின்னால் நின்ற ஆள்

எங்கள் டோக்கன் எண் நூற்றுப் பதினான்கு. ஒரு டோக்கனுக்கு ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, அவ்வளவுதான் என்று கல்யாண மண்டபத்து வாசலில் ஷகீல் அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏலக்காய் வியாபாரியான அவர்தான் போடியில் இந்த ரசிகர் சந்திப்பை ஏற்பாடு செய்தவர். படங்களில் அப்பாவாகவும் ஏட்டையாவாகவும் சாட்சி சொல்ல வருபவராகவும் மட்டுமே தலைகாட்டும் குணச்சித்திர நடிகர்கள் நான்கு பேர் மேடைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது மேசையில் சின்னமுத்து.

அவர் நடித்த எல்லாப் படங்களையும் நான் பார்த்திருக்கிறேன். சிலவற்றைப் பத்துத் தடவைக்கு மேல். ஆனால் அன்று அண்ணன் மனைவியோடு நான் போனது கையெழுத்துக்காக இல்லை.

என் அண்ணன் காசிமாயன் சினிமாவில் சேரப்போவதாகச் சொல்லி சென்னைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசியாகப் போனில் பேசி இரண்டு வருஷம். போலீசில் எழுதிக் கொடுத்தோம், தெரிந்தவர்களை அனுப்பித் தேடினோம், ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் சின்னமுத்து நடித்த ஒரு படத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். இழவு வீட்டுக் கூட்டத்தில் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முகம் வந்து மறைந்தது. நிறுத்திப் பார்த்தேன். அண்ணன்.

மங்கலாக இருக்கிறது, யாரோ போல இருக்கிறது என்றார்கள் வீட்டில். நானும் அண்ணன் மனைவி பானுப்பிரியாவும் குடோனில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள். சுளகில் கொட்டிய ஆயிரம் பச்சைக் காய்களில் வெடித்த காய் ஒன்று கிடந்தால் கை தானாகப் போய் அதை எடுத்துவிடும். அந்தக் கண்தான் அண்ணனையும் கண்டுபிடித்தது. மதினி போனை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவுகதான்" என்றாள்.

அவள் எங்கள் வீட்டில் இருக்க இனி அதிக நாள் இல்லை. அவள் அப்பா சிலமலையிலிருந்து வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். ராசிங்காபுரத்தில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அவளை அழைத்துப்போக அப்பா வருகிறார். காசிமாயன் உயிரோடு இருப்பதாக ஒரே ஒரு ஆள் சொல்லட்டும், அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆள் சின்னமுத்துதான் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நின்ற ஜீப் டிரைவர், படத்தில் சாவதுபோல ஒரு தடவை செத்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சினார். சின்னமுத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மேலே செருகிச் செத்துக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். மதினி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் முறை வந்தது. அந்தக் காட்சியை ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேசையில் வைத்து நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெயரின் கடைசிச் சுழி அண்ணன் முகத்தின் மேல் போய் நின்றது.

"ஐயா, கையெழுத்துக்கு வரலீங்க. ஒங்க பின்னால நிக்கிறது எங்க அண்ணன்."

ஷகீல் அண்ணன் வெரசா, வெரசா என்று பின்னாலிருந்து விரட்டினார். நான் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். சின்னமுத்து படத்தைப் பார்த்தார். மதினியின் கழுத்தில் கிடந்த தாலியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்ச பையந்தாம்மா. நல்லா இருக்கான். வந்துருவான்."

சொல்லி முடித்ததும் கீழுதட்டை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த உதட்டை எனக்குத் தெரியும். ஒரு படத்தில் கைதியின் அம்மாவிடம், மகன் விடுதலையாகிவிடுவான் என்று ஏட்டையாவாகச் சொல்லிவிட்டு இப்படித்தான் இழுத்துக்கொள்வார். சொல்வது பொய் என்று நமக்கு மட்டும் காட்டுவதற்காக அவர் செய்வது அது.

வெளியே வந்ததும் மதினி போனை எடுத்தாள். அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், இனி என்னை யாரும் அசைக்க முடியாது என்றாள். இரண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில். நான் பேசாமல் இருந்திருக்கலாம். மதினி எங்களோடு இருக்க வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன். ஆனால் இன்னும் பத்து வருஷம், இருபது வருஷம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சுளகை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கப்போகும் மதினி என் கண்முன் வந்தாள். கொஞ்சம் பொறு, வந்துவிடுகிறேன் என்று சொல்லி மண்டபத்தின் பின்பக்கம் ஓடினேன்.

அங்கேதான் நடிகர்களின் கார்கள் நின்றன. மதியச் சாப்பாட்டுக்கு லாட்ஜுக்குப் போக சின்னமுத்து வந்து ஏறியதும் நான் காரின் குறுக்கே போய் நின்றேன். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. கண்ணாடி இறங்கியது.

"ஐயா, இப்ப நடிக்காமச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். எந்தப் படத்திலும் நான் பார்க்காத முகமாக இருந்தது அது, களைத்துப்போய், கொஞ்சம் பயந்து.

"அந்தக் கூட்டத்துல எரநூறு பேரு நின்னாங்கம்மா. நான் திரும்பியே பாக்கல. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்ததும் வேற எதுவும் சொல்ல வரல."

கார் போனது. திரும்பினால் கேட்டின் ஓரம் மதினி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

"அவரு சொன்னது பொய்யின்னு எனக்கும் தெரியும்டி. அத வச்சு எங்கப்பாவ ஒரு வருசம் சமாளிச்சிருப்பேன். நீ ஏன் போயிக் கேட்ட? இனி எந்த வாயால அதச் சொல்லுவேன்?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. அவள் சிலமலைக்குப் போன் போட்டுக் காதில் வைத்துவிட்டாள். இவ்வளவு நேரம் உண்மைக்காகக் காரை மறித்து நின்ற நான், இப்போது போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு நாலடி தள்ளிப் போனாள்.

விசாரித்தாகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் வாருங்கள் என்றாள். எதிர்முனையில் அவர் ஏதோ கேட்டார். அவள் மண்டபத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"சாமான் பெருசா ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "ஒரு பைதான்."