பவுனுக்குத் தெரிந்த ஆசாரம்

பட்டு மாமியிடம் பவுன் வைத்திருந்த பிரியத்துக்கு நேரம் காலம் உண்டு. காலையில் அவள் பூப்போட்ட பழைய நைட்டியோடு எழுந்து வந்தால் போதும். முழங்காலுக்கு நடுவில் தலையை நுழைத்து முட்டும், பாதத்தை நக்கும், உட்கார்ந்தால் மொத்த உடம்பையும் அவள் மேல் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விடும். குளித்து, சமையலுக்கு மடியாக மடிசார் கட்டிக்கொண்டு வந்தாளோ, அதே நாய் சமையலறை வாசலுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துவிடும். வால் மட்டும் தரையைப் பெருக்கிக்கொண்டிருக்கும்.

இந்த ஆசாரத்தைக் கற்றுக்கொடுத்ததே பட்டுதான். வேறு வழி? பிள்ளை ஸ்ரீவத்சன் காலேஜில் படிக்கும்போது தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டி அது. இரண்டாயிரத்து ஒன்றில் அமெரிக்காவுக்குக் கிளம்பியபோது அம்மாவிடம் விட்டுப்போனான். அவள் கணவர் பக்தவத்சலம் ஒரே நிபந்தனையில் சம்மதித்தார்.

"நீ மடியா இருக்கச்சே ஒரு தடவை அது உன்னைத் தொட்டாலும், ஊர்க்கோடியிலே அந்த ஹடப்சர் பண்ணைக்காரன்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லே."

சொன்னதைச் செய்கிற மனுஷர். பாங்கிலிருந்து ரிட்டயர் ஆனபிறகு அவருக்கு வேறு வேலையும் இல்லை. பட்டு இட்லித் துண்டைக் காட்டிக் காட்டி, "மடி, தள்ளி" என்று மாதக்கணக்கில் பழக்கினாள். ஔந்த் என்கிற பேட்டையில் ஆறாவது மாடி வீடு, சுற்றிலும் மராத்தி பேசுகிறவர்கள். அவளுடைய மராத்தி காய்கறிக்காரியோடு முடிந்துபோகும். அந்த வீட்டில் அவளை ஆசையாகத் தொடுகிற ஜீவன் அது ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

அன்றைக்கு மாமியாருடைய திதி. ஜூலை மாதத்து மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்தது. திதி பண்ணிவைக்கிற வாத்தியாரை அழைத்துவர பக்தவத்சலம் போயிருந்தார். தளிகை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பட்டு வடைக்கு எண்ணெயைக் காயவைத்துவிட்டு, துளசி பறிக்க பால்கனிக்குப் போனாள். ஒரு நிமிஷ வேலைதானே. அதற்குள் காற்று கதவை அறைந்து சாத்தியது. உள்பக்கக் கொக்கி தானாகவே வளையத்தில் விழுந்துவிட்டது.

கதவின் மேல்பாதி கம்பியும் இரும்பு வலையும். கூடம் தெரிந்தது, அதைத் தாண்டி அடுப்பு தெரிந்தது, வாணலிக்கு அடியில் எரிகிற தீ கூடத் தெரிந்தது. விரல் நுழைக்கத்தான் வழியில்லை.

முதலில் அவள் பயப்படவில்லை. தினமும் காலையில் அவள் செடிக்குத் தண்ணீர் விடும்போது, கதவு சாத்திக் கொக்கி விழுந்திருந்தாலும் பவுன் பொறுக்கமாட்டாமல் இந்தக் கதவில் தாவும். முன்னங்கால் பட்டுக் கொக்கி எகிறிவிடும். அதற்காக எத்தனை தரம் திட்டியிருக்கிறாள்!

"பவுன்! வாடா கண்ணு, தாவு!"

பவுன் ஓடிவந்தது. கதவுக்கு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து வாலை ஆட்டியது.

"வாடா, பரவாயில்லேடா, வா!"

அவள் குரல் நடுங்கியது அதற்குப் புரிந்தது. எழுந்தது, சிணுங்கியது, மடிசாரைப் பார்த்தது, மறுபடி உட்கார்ந்தது. நான் எவ்வளவு சமத்து பார் என்று சொல்கிற முகம்.

வாணலியிலிருந்து புகை கிளம்பியது. கீழே பார்த்துத் தமிழில் கத்தினாள், இந்தியில் கத்தினாள். மழைச் சத்தத்தில் வாட்ச்மேனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆபீஸ் போயாயிற்று. எண்ணெய் பற்றிக்கொண்டால் பவுன் உள்ளே, அவள் வெளியே. நடுவில் இருப்பது கதவு மட்டுமா? அவளே இட்லி கொடுத்துப் போட்ட கோடு.

பால்கனிக் கொடியில் நேற்றைய நைட்டி தொங்கியது. உடுத்திக் களைந்த விழுப்புத் துணி. தொட்டால் மடி போயிற்று, விடியற்காலையிலிருந்து சமைத்த அத்தனையும் வீண். பவுனும் ஹடப்சர் போய்ச் சேரும். இதையெல்லாம் அவள் யோசித்தாள் என்று சொன்னால் பொய். நைட்டியை இழுத்து மடிசாருக்கு மேலேயே தலைவழியாக மாட்டிக்கொண்டாள்.

பவுன் ஒரே பாய்ச்சலாகக் கதவில் விழுந்தது. கொக்கி எகிறியது. பட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகமெல்லாம் நக்குகிற நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பக்தவத்சலம் உள்ளே வந்தது அப்போதுதான். பின்னால் வாத்தியார்.

"என்னடி இது கோலம்? நாய் தொட்டுடுத்தா?"

"அது தொடவே இல்லே. நான் மடிசாரோட நின்னுண்டு கெஞ்சினேன், அப்பவும் கிட்ட வரலே. நான்தான் விழுப்பைப் போட்டுண்டு அதைத் தொட்டேன்." பால்கனியையும் புகையையும் மூச்சுவிடாமல் சொன்னாள். "யாரையாவது அனுப்பணும்னா என்னை அனுப்புங்கோ."

நாய் தொட்டால் என்ன செய்வது என்று அவர் தீர்மானித்து வைத்திருந்தார். பெண்டாட்டி தொட்டால் என்ன செய்வது என்று யோசித்ததில்லை. கறுத்துப்போன வாணலியைப் பார்த்தார், பவுனைப் பார்த்தார்.

"குளிச்சுட்டு வா. தளிகையை மறுபடி ஆரம்பி," என்றார். ஹடப்சர் பேச்சை எடுக்கவில்லை.

மறுபடி குளியல், மறுபடி மடிசார், மறுபடி அதே அடுப்பு. பவுன் வாசலுக்கு இரண்டு முழம் தள்ளி வந்து உட்கார்ந்தது. ஆண்கள் இருவரும் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டு அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலைப் பின்னால் மெல்ல வாசலைத் தாண்டி நீட்டினாள்.

"வாடா," என்றாள் ரகசியமாக.

பவுன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. அவள் இன்னும் நீட்டினாள். அது இன்னும் நகர்ந்தது. முதுகு சுவரில் இடிக்கும்வரை போய், அங்கிருந்து ஆசையோடு வாலை ஆட்டியது.

பட்டு காலை உள்ளே இழுத்துக்கொண்டு, வடையைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.