இடது பக்கத்து இருக்கை

எத்திராஜுக்குக் கோபம் வந்தால் பேச மாட்டான், தகரத்தை அடிப்பான். தண்டையார்பேட்டையில் அவனுடைய டிங்கர் பட்டறைக்கு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் சத்தத்தை வைத்தே அவன் மனநிலையைச் சொல்லிவிடுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

காரணம் பட்டறைச் சுவரில் இருந்தது. அவனுடைய தோஸ்து அம்புரோஸ் துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர். காலையில் மாதா கோயில் பூசை முடிந்த கையோடு ராயபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து, சாக்குக்கட்டியால் சுவரில் மூன்று கார்களை வரைந்துவிட்டுப் போயிருந்தான். மூன்றும் ஒரே காருக்கான மூன்று உடம்புகள். காரென்று அப்போது இருந்தது சேஸிஸ் என்கிற வெறும் அடிச்சட்டம்தான். யாரோ ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது கழித்துவிட்டுப் போன பழைய எம்.ஜி. கார். மரச்சட்டத்தில் தகடு அடித்த மேல்பாகத்தைத் துருவும் கரையானும் பங்குபோட்டுத் தின்றிருந்தன. இரண்டு வருஷமாக ஞாயிறுகளையெல்லாம் அதற்கே கொடுத்து, அம்புரோஸ் எஞ்சினைப் பேச வைத்திருந்தான், எத்திராஜ் சேஸிஸை நிமிர்த்தியிருந்தான். இனி உடம்பு கட்டினால், சோழவரத்து விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்துக்குக் கொண்டுபோகலாம்.

முதல் படம் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். இரண்டாவதற்குக் கூரை உண்டு. மெட்ராஸ் வெயிலில் அதற்குள் உட்கார்ந்தால் இட்லியாக வெந்துதான் வெளியே வரவேண்டும் என்று இரண்டு பேருமே அதைத் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது ஒற்றை ஆள் கார். ஓட்டுகிறவன் பக்கம் மட்டும் திறப்பு, இடது பக்கத்தைத் தகடு போட்டு மூடிவிடுவது, பின்னால் படகு போலக் கூரான வால். எடை குறையும், காற்றும் தடுக்காது என்று அம்புரோஸ் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கடைசியில் எத்திராஜைக் கேட்டான். உன் இஷ்டம்பா என்று எத்திராஜ் சொல்லிவிட்டான்.

அவன் இஷ்டம் என்னவென்று யாருக்கும் தெரியாது, மனைவி மங்கம்மாவைத் தவிர. எத்திராஜுக்குக் கார் ஓட்டும் ஆசையெல்லாம் இல்லை. சோழவரத்தில் அத்தனை ஜனமும் பார்க்க, அம்புரோஸ் பக்கத்தில் இடது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு பந்தயம் போய்வர வேண்டும். இரண்டு வருஷமும் அவனைப் பட்டறைக்குள் இழுத்தது அந்த ஆசைதான். இப்போது அந்த இருக்கையின் மேலேயே, அதுவும் தன் கையாலேயே, தகடு அடித்து மூட வேண்டும் என்றால் எவனுக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

வாய்விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க மாட்டான், ரோஷக்காரன். அதற்குப் பதில் ஒரு திருட்டு வேலை செய்தான். அம்புரோஸுக்கு நல்ல தொந்தி. எத்திராஜோ ஒல்லிக்குச்சி. சேஸிஸ் மேல் ஒரு பெட்டியைப் போட்டுத் தானே உட்கார்ந்து, மங்கம்மாவைக் கயிறு பிடிக்கச் சொல்லி, தன் இடுப்புக்கே திறப்பின் அளவை எடுத்தான்.

அம்புரோஸ் அண்ணன் இதற்குள் எப்படிப் போவார் என்று அவள் கேட்டாள்.

“நீ பேசாம புட்சிக்கினு நில்லு” என்றான்.

அம்புரோஸ் உள்ளே நுழைய முடியாமல் திணறுவான். அப்போது, வேறு வழியில்லை, இடது பக்கத்தையும் திறந்துவிடலாம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதுதான் கணக்கு. துறைமுகத்தில் கப்பல் வேலை நெருக்கியதால் அம்புரோஸ் சில வாரம் இந்தப் பக்கம் வரவில்லை, அதுவும் வசதியாகப் போயிற்று. மிலிட்டரி ஏலத்தில் வாங்கிய அலுமினியத் தகடுகளை மணல் மூட்டை மேல் வைத்து, மரக் கொட்டாப்புளியால் தட்டித்தட்டி வளைத்தான். கோபத்தில் செய்கிற வேலை இத்தனை அழகாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அம்புரோஸ் வந்து பார்த்தான். காரை ஒரு சுற்று சுற்றினான். வாலை உள்ளங்கையால் தடவினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு காலை வைத்தான், இன்னொரு காலையும் வைத்தான், உட்காரப் போனவன் இடுப்போடு நின்றுவிட்டான். வயிற்றை எக்கிப் பார்த்தும் இறங்கவில்லை. மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எத்திராஜ் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அம்புரோஸ் வெளியே வந்து, திறப்பைச் சாணால் அளந்தான். எத்திராஜின் இடுப்பை ஒரு பார்வை பார்த்தான்.

“இது உன் அளவு.”

எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஓட்டணும்னு ஆச கீதுன்னா சொல்லக்கூடாதா?” என்றான் அம்புரோஸ். குரலில் கோபம் துளியும் இல்லை. “நீயே ஓட்டு எத்திராசு. நான் ஓரமா நின்னு பாத்துக்கறேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் எத்திராஜுக்குக் காது மடல் வரை சுட்டது.

“எனக்கு இன்னா ஓட்டத் தெரியும்? உன் பக்கத்துல குந்திக்கினு வரலாம்னுதான்...”

அம்புரோஸும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தான் என்று தெரிந்தது.

“எனக்கு மட்டும் ஆச இல்லியா? உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா தங்கச்சி மூஞ்சில எப்டி முழிப்பேன்? அதான் ஒத்த சீட்டுனு பேசிக்கினு இருந்தேன்.”

மங்கம்மா வெளியே வந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சுவரில் மாட்டியிருந்த தகடு வெட்டும் கத்திரியை எடுத்துவந்து காரின் மூடிய இடது பக்கத்தின் மேல் வைத்தாள்.

“அந்தாளு ராத்திரில தூக்கத்துலகூட சோழவரம் போய்க்கினு கீறாரு. கூட்டிக்கினு போண்ணே. பத்ரமா கூட்டிக்கினு வா.”

தன் வாழ்நாளில் செய்ததிலேயே சிறந்த வேலையை எத்திராஜ் தன் கையாலேயே வெட்டித் திறந்தான். வெட்டும்போது அவனுக்கு வருத்தமே இல்லை.

சோழவரத்தில் அவர்கள் ஓடிய பந்தயத்தில் பக்கத்தில் ஆள் வைத்துக்கொள்ள விட்டார்கள். கடைசிக்கு ஒன்று முந்தி வந்தார்கள், அதுவும் கடைசிக் கார் டயர் வெடித்து நின்றுவிட்டதால். எஞ்சினை நிறுத்திவிட்டு அம்புரோஸ் திரும்பிப் பார்த்தபோது எத்திராஜ் இரண்டு கையாலும் தகட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான். புறப்பட்டதிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறான். சோழவரத்தில் அவன் எதையுமே பார்க்கவில்லை.

வண்டி நின்றுவிட்டது, இறங்கு என்று அம்புரோஸ் தோளைத் தட்டினான். எத்திராஜ் மெல்லக் கண்ணைத் திறந்தான், இறங்கவில்லை.

“இன்னொரு தபா போலாமா?” என்றான்.