சந்தியாகுவுக்குக் கேதம் சொன்னது

1908-ம் வருஷத்து முத்துக்குளிப்பில் கடலுக்குள் இறங்கிய சந்தியாகு இன்னும் ஏறவில்லை. அவருடைய கயிற்றின் மறுமுனை தூத்துக்குடி பீச் ரோட்டைத் தாண்டி, அன்று கயிறு பிடித்தவரின் வாரிசான ரோச்சின் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அந்த வீட்டில் யாராவது ஒருவர் கையில் இருக்கும். அதை எதிலும் கட்டிப்போடக் கூடாது, கையில்தான் பிடிக்க வேண்டும். சாப்பிடும்போது இடது கைக்கு மாற்றிக்கொள்வார்கள். அந்த வீட்டு ஆண்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடக்கும்போது பெண்களில் ஒருத்தி வீட்டில் தங்கிக் கயிறு பிடிப்பாள். மாநகராட்சி ரோடு போட வந்தபோது, கயிறு போவதற்கென்று தாருக்கு அடியில் ஒரு குழாயைப் பதித்துவிட்டு மேலே வேலையைத் தொடர்ந்தது.

நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன் என்றால் பங்குக்கு ஆசைப்பட்டு விட்டுவிடுவான். மச்சான் விடமாட்டான், விட்டால் தாலியறுப்பது அவன் தங்கச்சி. சந்தியாகுவுக்குக் கயிறு பிடித்தவர் பஸ்தியான். அன்று காலையில் தோணியிலேயே இருவருக்கும் சண்டை. தங்கச்சியின் தலைப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தன்னை ஞானத்தகப்பனாக நிறுத்தாமல் வேறொருவனை நிறுத்தியதை பஸ்தியான் கேட்டுவிட்டார். பேச்சு முற்றியது. நீயாக இழுக்கிற வரைக்கும் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு சந்தியாகு, ஆளை ஆழத்துக்கு இறக்குகிற குளிகல்லில் கால் வைத்து இறங்கினார். நீயாக அசைக்கிற வரைக்கும் இழுக்கமாட்டேன் என்று பஸ்தியான் மேலே இருந்து சொன்னார். சாயங்காலம் தோணி கரைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால் பஸ்தியான் கயிற்றை விட்டுக்கொண்டே வந்தார், கயிறும் வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாள் மூச்சுக்கு என்ன செய்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. வீம்புக்கு மூச்சு எதற்கு என்று தெருவில் பதில் சொல்வார்கள்.

அல்போன்சா சந்தியாகுவின் பூட்டப்பிள்ளை, பேரனுக்குப் பிறந்தவள். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள், எடுத்ததை முடிக்காமல் விடாதவள். குடும்ப வரலாற்றை எழுதி அச்சடிப்பது என்று ஒருநாள் உட்கார்ந்தாள். கல்லறைகளைப் பாசி சுரண்டிப் படித்தாள், சாயர்புரத்துக்கும் கொழும்புக்கும் போன கிளைகளைத் தேடிப் பிடித்தாள், கப்பலில் செத்தவர்கள் எந்தத் துறைமுகத்தில் புதைக்கப்பட்டார்கள் என்பது வரைக்கும் விசாரித்து எழுதினாள். எல்லோருக்கும் பிறப்பு இருந்தது, இறப்பு இருந்தது. சந்தியாகுவுக்குப் பிறப்பு மட்டும். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் உயிரோடு இருக்கிறவர்களுக்காகச் செய்கிற செபத்தில் அவர் பெயரைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில் வாசிக்கிற பெயர்களிலும் அவர் இல்லை. அவர் மனைவி இன்னாசியம்மாள் தாலியோடு செத்து, தாலியோடு புதைக்கப்பட்டாள். இரண்டில் ஒன்றில் அவர் பெயர் வந்தாக வேண்டும் என்று அல்போன்சா முடிவுசெய்தாள்.

கயிற்றில் வாய் வைத்துப் பேசினால் கீழே கேட்கும். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் என்று வீட்டில் நடந்த நல்லது எல்லாவற்றையும் சந்தியாகுவிடம் சொல்லியிருக்கிறார்கள். எதற்கும் அவர் அசையவில்லை. சாவு மட்டும் சொன்னதில்லை, ஏனென்றால் கடலில் இருக்கிறவனுக்குக் கேதம் சொல்லக் கூடாது, கரைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும். அல்போன்சா யோசித்தது இந்த இடத்தில்தான். கல்யாணத்துக்கு வராதவனை வீம்புக்காரன் என்று விட்டுவிடலாம். எவ்வளவு பகையிருந்தாலும் கேதத்துக்கு வராதவன் இந்தக் கரையில் பிறந்ததில்லை. சந்தியாகு வராததற்குக் காரணம் அவருக்கு யாரும் சொல்லாததுதான். முதலில் செத்தது பஸ்தியான், ஆகவே அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கேதத்தைச் செத்தவர் வீட்டார்தான் சொல்ல வேண்டும், ஆகவே ரோச் சொல்ல வேண்டும்.

ரோச் பஸ்தியானின் பூட்டப்பிள்ளை, விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். முடியவே முடியாது என்றுவிட்டான். இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அல்போன்சா அவன் வீட்டில் போய் உட்கார்ந்தாள். அவன் பெண்டாட்டி டயானா ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் டீ கொடுப்பாள். சில வாரம் ரோச் பின்வாசல் வழியாக நழுவினான். அல்போன்சா டயானாவிடமிருந்து கயிற்றை வாங்கிப் பிடித்தபடி, அவன் திரும்புகிற வரைக்கும் இருந்தாள்.

"மதினி, எங்க பூட்டன் குடுத்த வாக்கு. எங்க பக்கத்துல இருந்து எறங்கிப் போகக் கூடாது" என்றான் ரோச்.

"எறங்கிப் போகச் சொல்லலைலே. கேதம் சொல்லச் சொல்லுதேன்."

"கடல்ல நிக்கிறவருக்கா?"

"கரைக்கு வந்தாத்தான் சொல்லுவீய. சொன்னாத்தான் அவரு கரைக்கு வருவாரு. எத்தன தலமுறைக்கு இப்படி மாறி மாறி உக்காந்திருக்கப் போறீய?"

டயானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் கை வலிக்குது" என்றாள்.

ரோச் அப்போதும் அசையவில்லை. அல்போன்சா குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்க பூட்டன் கேதத்துக்குச் சிலுவை பிடிச்சது யாரு தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரன். தங்கச்சி மாப்பிள்ளை உயிரோட இருக்க, அடுத்தவன் பிடிச்சான். நான் எழுதும்போது அதையும் எழுதத்தான் செய்யணும்."

இறுதி ஊர்வலத்தில் சிலுவையை மச்சான் பிடித்து முன்னால் நடப்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். ரோச் எழுந்துகொண்டான். பிறகு கைகால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து, டயானாவிடமிருந்து கயிற்றை வாங்கினான்.

"ஒங்க மச்சான் பஸ்தியான் தவறிட்டாரு. வந்து சிலுவை பிடிக்கணும்" என்றான், கயிற்றில் வாய் வைத்து.

அடுத்து இன்னாசியம்மாளைச் சொல்ல அல்போன்சா கிட்டே வருவதற்குள் கயிறு ஒரு தடவை அசைந்தது. ரோச் இழுத்தான். கனம் தாங்காமல் தெருவே வந்து பிடித்தது. ஆட்டோக்காரர்களும், மாப்பிள்ளையூரணிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர்களும் கூட. பொழுது சாயும்போது சந்தியாகு கடற்கரையில் ஏறினார். இறங்கும்போது இருந்த அதே இருபத்தாறு வயசு. தலையில் பாசியும் இடுப்பில் ஒரு சிப்பிப் பையும் இருந்தன. பையை யாரிடமோ கொடுத்துவிட்டு, "எப்ப?" என்று மட்டும் கேட்டார். அல்போன்சா தேதி சொன்னாள். மாற்றுத்துணி வேண்டாம் என்றுவிட்டார். கோயிலிலிருந்து சிலுவையை எடுத்து வந்து, பஸ்தியான் வீட்டு வாசலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரைக்கும் ஈரத்தோடு முன்னால் நடந்தார். துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் ஓரமாக நின்று வழிவிட்டன. பஸ்தியான் கல்லறையில் ஒரு பிடி மண் போட்டு, "கோட்டிப்பய, கிறுக்குப்பய" என்று சொல்லி உட்கார்ந்து அழுதார்.

அதன்பின் அல்போன்சா ஒவ்வொருவராகச் சொல்ல, அவர் ஒவ்வொருவருக்காகவும் கேதத்துக்குப் போனார். இன்னாசியம்மாளுக்கு அதிக நாள் எடுத்துக்கொண்டார். தான் தகப்பனாக இருந்து பார்க்காத பிள்ளைகளுக்கும், பெயர்கூடத் தெரியாத பேரன்மாருக்கும் மண் போட்டார். எல்லோருக்கும் முடிந்த அன்று, இனி யாரும் பாக்கி இல்லையே என்று கேட்டுக்கொண்டார். இல்லை என்றாள் அல்போன்சா. ரோச் வீட்டில் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. ரோச் சிலுவை பிடித்தான். கோயில் அலுவலகத்தில் எழுதுகிறவர், பெட்டியில் கிடந்த முகத்தைப் பார்த்தவர்தான், என்ன காரணம் என்று கேட்டார். மூப்பு என்றாள் அல்போன்சா. அவரும் மூப்பு என்று எழுதிக்கொண்டார்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளில் சந்தியாகு பெயரை, மாடியிலிருந்து தவறி விழுந்த ஒரு கொத்தனாருக்கும் சர்க்கரை நோயில் இறந்த ஒரு டீச்சருக்கும் நடுவில் வாசித்தார்கள். மற்றவர்களுக்குச் சொன்ன மறுமொழியையே ஜனங்கள் அவருக்கும் சொன்னார்கள்.