புகைக்கதவு

முத்துவீரனின் வலது புருவம் கருகிய அந்தப் புதன்கிழமை, பெல்மதுளைப் பக்கமெல்லாம் மூன்றாவது நாளாக விடாமல் மழை. நனைந்த ரப்பர் விறகைத்தான் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் அடுப்புக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தேயிலை காய்கிற ட்ரையருக்குச் சூடு அனுப்புகிற அந்த அடுப்போடு அவர் மாரடிக்கத் தொடங்கிப் பதினோரு வருஷம்.

அடுப்புக்குள்ளே ஒரு பைபாஸ் கதவு இருந்தது. விறகு போடும்போது வெளியிலுள்ள பிடியை இழுத்து அதைத் திறந்தால் புகை நேரே சிம்னிக்கு ஏறிவிடும். தீ பிடித்ததும் மூடினால் சூடு குழாய்களைச் சுற்றிப் போகும். ஈர விறகின் புகை தார்போலக் கதவின் விளிம்பில் ஒட்டி இறுகும். வாரத்துக்கு ஒரு நாள், அடுப்பு ஆறிக் கிடக்கும்போது, முத்துவீரன் உள்ளே நுழைந்து அதைச் சுரண்டுவார். கீலும் வளைந்து போயிருந்தது. புதுக் கதவு வேண்டும் என்று மூன்று தடவை சொல்லியாயிற்று.

அன்று காலை அவர் பிடியை இழுத்தார். பிடி வந்தது, கதவு வரவில்லை. அது தெரியாமல் அடுப்பின் வாயைத் திறந்தார். வெளியேற வழியில்லாத புகையும் தீயும் அவர்மேல் பாய்ந்தன.

டிஸ்பென்சரியில் வெந்த கைக்குக் கட்டுப் போட்டு, மூன்று நாள் ஓய்வு என்று துண்டுச்சீட்டும் கொடுத்தார்கள். முத்துவீரன் மேட்டிலிருந்த லயத்து வீட்டுக்குப் போகவில்லை. அவ்வளவு தூரம் ஏறக் காலில் தெம்பில்லை. திரும்பி வந்து விறகுக் குவியலில் உட்கார்ந்தார்.

ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஆனந்தராசா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குடும்பம் அங்கே, அவர் மட்டும் இங்கே குவார்ட்டர்ஸில்.

"முத்துவீரன், நீர் போய்ப் படும். நான் வேற ஆளைப் போட்டு நெருப்பு மூட்டுறன்."

"யாரப் போட்டாலும் அடிக்குங்க ஐயா. பிடிதான் அசையுது. கதவு அசையல."

"நான் மேலிடத்துக்கு எத்தினை தரம் எழுதிப்போட்டன் தெரியுமே?"

"நீங்க எழுதுனீங்க. நான் சுரண்டுனேன். கதவுக்கு ரெண்டும் வெளங்கலீங்க."

ஆனந்தராசா மணிக்கூட்டைப் பார்த்தார். "அரைச்ச கொழுந்து கிடக்குது. புளிச்சுப் போகும்."

"போகட்டுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று முத்துவீரனுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் அப்படியொரு சொல் அவர் வாயில் வந்ததில்லை. ஏச்சு விழும் என்று காத்திருந்தார். ஆனந்தராசா ஏசவில்லை. பக்கத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்தார்.

"உள்ளுக்குள்ள எப்பிடிப் போறது?" என்றார்.

தீயை வெளியே இழுத்துக் கொட்டி, காற்றாடியை ஓடவிட்டு, மூன்று மணி நேரம் ஆறவிட்டார்கள். சட்டையைக் கழற்றி, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஆனந்தராசா நுழைந்தார். ஒற்றைக் கையோடு முத்துவீரன் வாசலில் டார்ச் பிடித்தார்.

"கதவு உக்கார்ற பள்ளத்துல இருக்குற கரிய மொதல்ல எடுங்க ஐயா. கதவத் தட்டாதீங்க, வார்ப்பிரும்பு, வெடிச்சிரும்."

உள்ளேயிருந்து இருமல் வந்தது. பிறகு குரல் வந்தது: "கீலாணி உடைஞ்சு கிடக்குதப்பா."

கழித்துப்போட்ட, கொழுந்து அரைக்கிற ரோலரிலிருந்து ஒரு போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தார் முத்துவீரன். கதவோரத்துக்குத் தீப்பிடிக்காத புதுக் கல்நார்க் கயிறு வைத்த பிறகு, கதவு இறுகுகிறதா என்று பார்க்க, பத்திரிகைத் தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடித் தாளை இழுக்கச் சொன்னார். மூன்று பக்கமும் தாள் பிடித்துக்கொண்டது. நாலாவது பக்கம் வழுக்கி வந்தது.

"இன்னும் கொஞ்சம் சுரண்டணுங்க."

உள்ளே சத்தம் நின்றது.

"இதை நீர் ஒவ்வொரு கிழமையுமே செய்யிறனீர்?"

"ஆமாங்க."

"சிம்னியில புகை இல்லாத நாளில நான் வீட்டுக்குக் கடிதம் எழுதுவன். எல்லாருக்கும் லீவு எண்டு நினைச்சுக்கொண்டிருந்திட்டன்."

முத்துவீரன் டார்ச்சைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

நாலு மணிக்கு அடுப்பு மூட்டினார்கள். விறகு போட வாயைத் திறந்தபோது புகை திரும்பவில்லை. கதவை மூடியதும் குழாய்கள் முனகின, சூடு ஏறியது. ஆனால் அரைத்த கொழுந்து முழுவதும் புளித்துவிட்டிருந்தது. அதைக் கூடைகூடையாக அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டினார்கள்.

தோட்டத்து மேனேஜர் தொரை டெலிபோனில் ஏசுவது ஆபீஸ் வாசல் வரை கேட்டது. "அடுப்பை நிப்பாட்டச் சொன்னது நான்தான் சேர்," என்று ஆனந்தராசா இரண்டு தடவை சொன்னார். முத்துவீரனின் பேரை எடுக்கவில்லை. பின்னர் இரண்டு மாதம் கழித்துப் புதுக் கதவு லொறியில் வந்து இறங்கியதற்கு, அந்தக் குழியில் கொட்டிய கொழுந்தின் நட்டம்தான் காரணம் என்று ஸ்டோரில் பேசிக்கொண்டார்கள்.

அன்று முத்துவீரன் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் லயத்துக்கு ஏறினார். மனைவி வெள்ளையம்மா கைக்கட்டைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மூணு நாள் லீவு," என்றார். அவள் தண்ணீர் கொண்டு வருவதற்குள், செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப் போயிருந்தார்.