தெரியாமலே கொடுக்கலாம்

ஹெலனின் மூக்குக்கு ஹெப்பகோடியில் தனிப் பேர் இருந்தது. கணவன் பிரசன்னா தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலடி நடந்து வருவதற்குள், இன்றைக்கு பிராந்தியா ரம்மா என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். தங்கள் புருஷன்மார் மேல் சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "ஒருவாட்டி அந்தாளு பக்கமா நடந்துட்டு வந்து சொல்லுக்கா" என்பார்கள். அவளும் நடந்துவிட்டு வந்து சொல்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த வேலையை அவள் கோலார் தங்கவயலில் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டாள். அப்பா சுரங்கத்தில் இறங்குகிறவர். சம்பள நாளில் அவளைச் சாராயக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள் அம்மா. மகளைப் பார்த்தாவது மனுஷன் வெட்கப்படுவாரா என்று ஒரு நப்பாசை. அவர் வெட்கப்படவில்லை. அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று சொல்ல மட்டும் மகள் தெரிந்துகொண்டாள். அந்த நாளில் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒரு வைத்தியரின் விளம்பரம் ஒட்டியிருக்கும்: 'குடியை மறக்கப் பொடி. குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்.' அம்மா அந்தப் பொடியை வாங்கி ரசத்தில் கலந்தாள், கருவாட்டுக் குழம்பில் கலந்தாள். அப்பா எல்லாவற்றையும் ருசித்துச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்க்கொண்டே இருந்தார். கடைசியில் சுரங்கத்துத் தூசிதான் அவரைக் கொண்டுபோனது. இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தால் திருந்தியிருப்பார் என்று சாகிறவரை அம்மா நம்பினாள்.

சில பெண்களுக்குத் தாய்வீட்டுச் சீராக நகை வரும். ஹெலனுக்கு இந்தக் காவல் வேலை வந்தது.

பிரசன்னாவும் தங்கவயல்காரன்தான். லேத்து மெஷினில் கை தேர்ந்தவன், நல்லவன், குடிகாரன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அவனே அவளுக்குப் பிள்ளையாகிப் போனான். ஊட்டிவிட்டாள், துடைத்துவிட்டாள், பாக்கெட்டைத் துழாவினாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஃபேக்டரிக்குப் போன் போட்டு அவனுக்கு ஜுரம் என்றாள், பேதி என்றாள், ஒருமுறை அம்மை என்றுகூடச் சொல்லிவிட்டாள். இவ்வளவும் செய்துவிட்டு, இந்த மனுஷனால் என் வாழ்க்கையே போச்சு என்று அழுவாள். அந்த அழுகையும் உண்மையான அழுகைதான்.

போன மழைக்காலத்தில் அவன் கண்ணெல்லாம் மஞ்சளாகி விழுந்தபோது, ஆஸ்பத்திரியின் குடிநோய் வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சஹானா இருவரையும் எதிரே உட்காரவைத்து ஒரு மாத்திரையைப் பற்றிச் சொன்னாள்.

"இத சாப்பிட்டிருக்கும்போது துளி குடிச்சாலும் ஒடம்பு தாங்காது. மூஞ்சி செவந்துடும், வாந்தி வரும், நெஞ்சு அடிச்சுக்கும். உசுருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தினப்புறமும் ரெண்டு வாரம் வரைக்கும் ஒடம்புல இருக்கும். அந்த பயம்தான் காவல். சாப்பிடறீங்களா?"

பிரசன்னா தலையை ஆட்டினான். "வேணாம் டாக்டர். மாத்திரைக்கு பயந்து விட்டா அது நான் விட்டதா? நானே விட்டுப் பாக்கறேன்."

மனசு மாறினால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பிறகு ஹெலன் பக்கம் திரும்பி, "அவருக்குத் தெரியாம மட்டும் இத குடுத்துடாதீங்கம்மா" என்றாள். குடும்பத்தார் கூடிப் பேசும் கூட்டத்துக்கு வாரம் ஒரு தடவை வரச் சொன்னாள். குடித்தது அவர், பாடம் எனக்கா என்று ஹெலனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு தடவைகூடப் போகவில்லை.

மறுநாளே மாத்திரையை வாங்கிவிட்டாள். கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி, மோர் விட்ட ராகிக் கஞ்சியில் கலந்து, மேலே வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "உன் கஞ்சிய அடிச்சுக்க ஆளே கிடையாது ஹெலன்" என்றான். அன்றிலிருந்து காலை தவறாமல் கலந்தாள். டாக்டர் சொன்ன பயம் அவனுக்கு இல்லை. அதனால் அவனுக்கும் சேர்த்து அவளே பயந்தாள். சாராயம் கலந்த இருமல் டானிக்கைச் சாக்கடையில் கொட்டினாள். சவரம் செய்தபின் அவன் பூசிக்கொள்ளும் லோஷனைத் தூக்கி எறிந்தாள். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு நோரா கொடுத்த கேக்கில் ரம் வாடை அடித்தது. அது தெருநாய்க்குப் போனது.

அவனோ நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தான். கன்னத்தில் சதை பிடித்தது. பனிக்காலக் காலைகளில், தைலமரத் தோப்பின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் மூட்டத்தைப் பார்த்தபடி கொல்லைப்புறத்தில் நின்று பாடிக்கொண்டே பல் தேய்ப்பான். "இன்னா அழகா கீது பாரு. இத்தினி வருஷமா இது இங்கியேதான் இருந்துதா?" என்பான். ஹெலன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். மூட்டத்துக்குள் அவன் பாதி தெரிவான், பாதி தெரியமாட்டான். அவளுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவளுக்கு அடிக்கடி ஒரு கனவு வந்தது. வீடு முழுக்கக் குழாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பிராந்தி ஒழுகும். அவள் ஓடி ஓடித் திருகி அடைப்பாள். ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்துகொள்ளும். விழிக்கும்போது விரல்கள் மடங்கியே கிடக்கும்.

ஈஸ்டருக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரசன்னா கஞ்சிச் செம்பைத் தள்ளிவைத்தான். "இப்ப வேணாம். கோயிலுக்குப் போய்ட்டு வந்து குடிக்கறேன்" என்றான். மாத்திரை தவறிப்போகிறதே என்று அவளுக்கு எரிச்சல். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

சந்தாபுரா ரோட்டில் இருந்த அந்தச் சின்னத் தமிழ்க் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்காருவார்கள். ஜன்னல்களில் கலர் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்ததால் வெயில் நீலமும் மஞ்சளுமாக உள்ளே விழும். ராத்திரி சரியாகத் தூங்காத ஹெலனுக்கு, ஆர்மோனியம் இழுத்து இழுத்துப் பாட ஆரம்பித்ததும் கண் செருகியது. அப்பா சுரங்கத்துக் கூண்டில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார், முகத்தில் தூசியே இல்லை. கூண்டு நிற்காமல் மேலே மேலே போனது. அவள் கீழே நின்று, வாயைக் காட்டுங்கப்பா, வாயைக் காட்டுங்கப்பா என்று கத்தினாள். அவர் காதில் அது விழவில்லை.

கண் திறந்தபோது ஆண்டவரின் நினைவாக அப்பம் கொடுக்கும் திருவிருந்து தொடங்கியிருந்தது. ஆண்கள் பக்கம் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தின் முன்னாலிருந்த மரக் கிராதியில் போய் முழந்தாளிட்டார்கள். அந்த வரிசையில் பிரசன்னாவும் நின்றான். கல்யாணமானதிலிருந்து இந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து போக, தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறவன் அவன். நான் அதுக்குத் தகுதியில்ல என்பான். நீல வெயில் அவன் முதுகில் விழுந்திருந்தது. கஞ்சியை ஏன் தள்ளிவைத்தான் என்று ஹெலனுக்கு இப்போது விளங்கியது. திருவிருந்துக்கு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறான்.

விளங்கிய அதே நொடியில் அவள் கண் போதகரின் கையிலிருந்த வெள்ளிக் கிண்ணத்தின் மேல் போனது.

அதிலிருந்த திராட்சரசம் பெண்கள் சங்கத்தார் செய்தது. கறுப்புத் திராட்சையைப் பிசைந்து, சர்க்கரை போட்டு, ஈஸ்ட் போட்டு, ஜாடியில் துணி கட்டி வாரக்கணக்கில் புளிக்கவைத்து இறக்கியது. பிசைந்த கைகளில் ஹெலனின் கைகளும் உண்டு. டானிக்கை மோந்த மூக்கு, லோஷனை மோந்த மூக்கு, கேக்கைக்கூட விட்டுவைக்காத மூக்கு, அந்த ஜாடியின் மேல் குனிந்திருந்தபோது மட்டும் வேலை செய்யவில்லை. அது ஆண்டவருடைய இரத்தம். அதைப் போய் யார் மோந்து பார்ப்பார்கள்?

இன்றைக்குத்தான் மாத்திரை கொடுக்கவில்லையே என்று ஒரு கணம் மூச்சு வந்தது. ரெண்டு வாரம் வரைக்கும் ஒடம்புல இருக்கும் என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்ததும் அது நின்றுபோனது.

அவள் உட்கார்ந்தே இருந்திருக்கலாம். ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஏதாவது ஆனாலும், வெறும் வயிறு, அதான் மயக்கம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அந்தப் பொய் கூப்பிடாமலே நாக்கு நுனியில் வந்து நின்றது. சபை முழுக்க நம்பும், பிரசன்னாவும் நம்புவான். பொய் அவ்வளவு லேசாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது. கிண்ணம் கிராதியின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு உதடாக நகர்ந்து அவனை நெருங்கிக்கொண்டிருந்தது.

எழுந்தாள். நடுவழியில் நடந்தாள். எங்கோ பின்னால் நோராவின் குரல், "ஹெலன், பொம்பளைங்க இன்னும் போகல" என்றது. ஆர்மோனியம் தடுமாறி மறுபடி பிடித்துக்கொண்டது. ஆண்களின் வரிசையில் புகுந்து, அவன் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

"குடிக்காதீங்க" என்றாள். "உங்க கஞ்சியில மாத்திரை போடறேன். தெனமும்."

"எந்த மாத்திரை?"

"டாக்டரம்மா சொன்னது. நீங்க வேணாம்னது."

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பம் இன்னும் அவன் வாயில் இருந்தது. போதகர் கிண்ணத்தோடு வந்து நின்று, அங்கே ஒரு பெண் இருப்பதைக் கண்டு திகைத்தார். பிரசன்னா கிண்ணத்துக்குள் பார்த்தான். நெடுநாள் பசியோடு வந்தவன் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கிண்ணம் அடுத்தவரிடம் போய்விட்டது.

வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு கல்பெஞ்சு கிடந்தது. அவன் போய் உட்கார்ந்தான். ஹெலன் எதிரில் நின்றாள். உள்ளே பெண்களின் முறை வந்துவிட்டது, பாட்டு மெல்லிய குரல்களுக்கு மாறியிருந்தது.

"எப்பலருந்து?" என்றான்.

"நீங்க வீட்டுக்கு வந்த மறுநாள்லருந்து."

"நானே விட்டுட்டேன்னு பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கினு இருந்தேன்." உள்ளங்கைகளால் முகத்தை அழுத்தித் தேய்த்தான். "அப்போ அது நான் இல்ல. எல்லாம் உன் மாத்திரை. அப்பிடித்தானே?"

எத்தனையோ முறை அவன் பையிலிருந்து ஹெலன் எடுத்திருக்கிறாள், பணத்தை, பாட்டிலை. இன்றைக்கு எடுத்ததுதான் பெரிது என்று தோன்றியது. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவன் நிமிர்ந்தான். "அத சாப்ட்டவன் குடிச்சா இன்னா ஆவும்னு டாக்டரம்மா சொன்னாங்க?"

"மூஞ்சி செவந்துடும். வாந்தி. நெஞ்சடிப்பு."

"எனக்கு அது மாதிரி எப்பவாச்சும் ஆச்சா?"

"இல்ல."

"ஒரு நாளுகூட?"

"ஒரு நாளுகூட இல்ல."

அவளுக்கு மெள்ள மெள்ள உறைத்தது. அந்த மாத்திரை பயமுறுத்தி நிறுத்துவது. கஞ்சிக்குள் அது இருப்பதே தெரியாதவனை எதைக் காட்டிப் பயமுறுத்தும்? இத்தனை மாதமும் அது அவன் வயிற்றில் சும்மா கிடந்திருக்கிறது. குடிக்காமல் இருந்தது அவன்தான், முழுக்க முழுக்க அவனேதான்.

"அப்போ நீங்கதான்" என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதாங்க விட்டீங்க."

"ம்." அவன் சிரிக்கவில்லை. "எங்க ஃபேக்டரி நாராயணசாமி சென்ட்-ஆஃப் பார்ட்டியில கையில கிளாஸ குடுத்துட்டானுங்க. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். எப்பிடியோ கீழ வெச்சுட்டேன். உன்கிட்ட சொல்லல. அன்னிக்கு நான் குடிச்சிருந்தா?"

ஹெலன் அந்தப் பார்ட்டி ஹாலை மனசுக்குள் பார்த்தாள். ஃபேக்டரி ஆட்கள் சுற்றி நிற்க, சிவந்து வீங்கிய முகத்தோடு அவன் தரையில் கிடக்கிறான். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி ஹெப்பகோடியில் அடுத்த நாள் கஞ்சிக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய எல்லாக் கனவுகளையும்விட இது துலக்கமாகத் தெரிந்தது.

"செத்துக்கூடப் போயிருப்பீங்க" என்றாள். "நானே கொன்னிருப்பேன்."

அவன் இல்லை என்று சொல்லவில்லை.

"மன்னிச்சிடுங்க" என்றாள்.

"இன்னிக்கு முடியாது ஹெலன்." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். "நாளைக்குக் கேளு."

"எங்க போறீங்க?"

"கொஞ்சம் நடக்கணும். நீ வீட்டுக்குப் போ. பின்னாடி வராத."

அவன் சாலையில் இறங்கி நடந்தான். அந்தச் சாலையில் எத்தனை ஒயின் ஷாப், எது எப்போது திறக்கும் என்று ஹெலனுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவன் உடம்பில் அவள் கலந்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கால்கள் தாமாகவே நாலடி வைத்தன. திரும்பி வந்து, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தார் ரோட்டின் மேல் காற்று நெளிந்தது, அதற்குள் அவன் வெள்ளைச் சட்டை கலங்கிக் கலங்கிச் சின்னதாகிக்கொண்டே போனது. கூப்பிட்டால் இன்னும் கேட்கிற தூரம்தான். அவள் கூப்பிடவில்லை. நாளைக்குக் கேள் என்று சொல்கிறவன் நாளைக்கு இருக்கப்போகிறவன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோயில் விட்டு, ஜனங்கள் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போனார்கள். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.