நாய்க்கு ஜாமீன்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பால் வந்தது. அழைத்தவள் நான்தான். விதிப்படி சரியான காரியம். ஆனாலும் அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களிடம் நல்ல பெயர் வாங்கும் உத்தேசமும் உண்டு, ஜாக்கிரதையாகப் படியுங்கள்.

2

முதல் வரி: மழையில் நனைந்தபடி அந்த முதியவர்கள் இருவரும் கைகோர்த்து—

பொய். அன்று சுள்ளென்று வெயில். மழை நான் கொண்டுவந்தது, நீங்கள் பரிதாபப்பட.

நேராகவே சொல்கிறேன். ஜப்பானில், குரே நகரில் ஒரு நாய்கள் காப்பகத்தில் சனிக்கிழமைகளில் வரவேற்பு மேசையில் உட்காருபவள் நான். நாய் கேட்டு வந்த இருவரில் மினேகோவுக்கு எழுபத்தெட்டு வயது, அவள் கணவர் கட்சுயோஷிக்கு எண்பத்தொன்று. மகன் நாவோயா, மருமகள், பேத்தி மூவரும் ஒன்பது வருடம் இவர்கள் வீட்டு மாடியில் இருந்துவிட்டு, ஏப்ரலில் வடக்கே தொலைவிலுள்ள செண்டாய்க்குக் குடிபோய்விட்டார்கள். இது ஆகஸ்ட்.

"பேத்தி போனதிலேர்ந்து இவருக்குத் திட்ட ஆள் இல்லம்மா," என்றாள் மினேகோ. "மொத்தமும் எனக்கே விழுது. ஒரு நாய் இருந்தா என் பங்கு குறையும்."

"நாய் நான் சொன்னா கேக்கும். அதான் வித்தியாசம்," என்றார் அவர்.

[கட்சுயோஷியைச் சிடுமூஞ்சியாகவே எழுதிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் எங்கள் ஒன்பது வயது நாய் கின்டா வந்து அவர் முழங்காலில் மோவாயை வைத்ததும் மனிதர் அரைமணி நேரம் அசையவில்லை. கால் மரத்துப்போய்த்தான் எழுந்தார்.]

எங்கள் விதி இது: அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு ஜாமீன் இல்லாமல் நாய் கிடையாது. அவர்கள் போய்ச் சேர்ந்தால் நாயை ஏற்றுக்கொள்வதாக, அறுபதுக்குள் இருக்கும் ஒருவர் படிவத்தில் பெயர் எழுதி, கையெழுத்துக்குப் பதில் தன் பெயர் பொறித்த முத்திரையைக் குத்தித் தர வேண்டும்.

3

அடுத்த சனிக்கிழமை படிவம் வந்தது. ஜாமீன் கட்டத்தில் நாவோயாவின் பெயர், பக்கத்தில் சிவப்பு முத்திரை. கழுத்துப்பட்டைகூட வாங்கி வந்திருந்தார்கள்.

"உங்க மகன்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்," என்றேன்.

"அவன் வேலையா இருப்பான்மா. பாவம், எதுக்குத் தொந்தரவு?" என்றாள் மினேகோ.

அழைத்தேன்.

"நாயா? எந்த நாய்?" என்றார் நாவோயா.

(குறிப்பு: அவர் பள்ளி முடித்தபோது அப்பா செய்து கொடுத்த முத்திரை அது. இழுப்பறையிலேயே விட்டுப் போயிருக்கிறார். பிள்ளைக்கு வந்த பார்சலுக்குப் பிள்ளையின் முத்திரையை எடுத்துக் குத்தி வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். மகன் நம்முடையவன், முத்திரையும் நம் வீட்டில்தானே என்று நினைத்திருக்கிறார்கள்.)

"எங்க அபார்ட்மென்ட்ல நாய் வளர்க்க முடியாது. ஏன் எங்கிட்ட கேக்கல?"

"வேண்டாம்னு சொல்லிருவீங்கன்னு பயந்திருப்பாங்க."

"சொல்லியிருப்பேன்," என்று வைத்துவிட்டார்.

கட்சுயோஷி எழுந்து நின்று, என் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். "எங்க தப்புதான். மன்னிச்சுக்கணும்."

மினேகோ குனியவில்லை. மேசைமேல் சாய்ந்து, "அவன் குரல் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள். "சளி கிளி இல்லியே?"

நாலு மாதமாக மகன் அவளுடன் பேசவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நன்றாக இருக்கிறார் என்றேன். கழுத்துப்பட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

4

முடிவுகள்.

மகன் மனம் மாறி ரயிலேறி வருகிறார். (எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

கின்டா வேலியைத் தாண்டி, மோப்பம் பிடித்து அவர்கள் வீட்டு வாசலில்— (சீ.)

மூன்றாவது முடிவைத் தள்ளிப்போடத்தான் இவ்வளவு நேரம் பேசினேன். எனக்கு ஐம்பத்துநாலு வயது. தனி வீடு, சின்னத் தோட்டம். அந்த ஜாமீன் கட்டத்தில் என் பெயரை எழுதியிருக்கலாம். எந்த விதியும் தடுக்கவில்லை. கட்சுயோஷி குனிந்து நின்றபோது நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன்: இன்னும் நாலைந்து வருடம், அப்புறம் இந்த நாய் என் தலையில் விழும். கின்டாவே அதற்கு மேல் இருக்காது என்பதுகூட உறைக்கவில்லை.

அவர்கள் அப்புறம் வரவில்லை. கின்டா மூன்றாம் கூண்டில் இருக்கிறது. புதுப் படிவம் ஒன்று என் முன்னால் கிடக்கிறது. அதில் எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு என்மேல் கோபம் வந்திருக்கும். நியாயம்தான்.

உங்களுக்கு என்ன வயது?