இடது கன்னத்தில் மட்டும்

அக்கியாக இருக்காது, அக்கி என்றால் நெருப்பாய் எரியும் என்பார்கள், இது எரியவில்லை, கடிக்கிறது, சொறிந்தால் இன்னும் சொறி என்கிறது… சட்டன் என்ற அந்த வெள்ளைக்கார ஊரின் கடைத்தெருவில், மருந்துக்கடை நாற்காலியில் நகுலேஸ்வரி சால்வையை இடது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தபடி இருந்தாள். நெற்றிப்பொட்டிலிருந்து தாடைவரை மூன்று கோடுகள், சிவந்து தடித்து, மேலே பொடிப்பொடியாய் நீர்க்கொப்புளம். நேற்று அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மனேஜர் இரண்டடி பின்னுக்குப் போய் நின்றுகொண்டு, என்ன வருத்தமென்று தெரிந்தபிறகு வா என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அம்மாள் வருத்தமோ? அது சின்ன வயதிலேயே வந்து போய்விட்டதே, வந்தாலும் உடம்பெல்லாம் அல்லவா போடும், இப்படி ஒரு பக்கத்தில் மட்டும் கோடு கீறினதுபோல வருமா? சோப்பா? தலைச்சாயமா? விதுசன் போனபிறகு அவள் தலைக்குச் சாயமே போடவில்லையே…

ஒரே மகன். மோட்டார்சைக்கிள், மழை, ஒரு வளைவு, அவ்வளவுதான். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூட வீட்டில் ஒரு சத்தம் இருந்திருக்கும். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக் கிரியை முடிந்து சனம் கலைந்த அன்று அவள் கணவர் ஞானேஸ்வரன் தலையணையை எடுத்துக்கொண்டு மகனின் அறைக்குப் போனார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவர் வேலையால் வரும்போது அவள் சோபாவில் நித்திரை, அவள் எழும்பி வெளிக்கிடும்போது அவர் அறைக்குள். கறி மூடிக் கிடக்கு. ஓம். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு, தன் உடுப்பைக்கூட அவரே தோய்த்துக்கொள்கிறார், பிறகென்ன…

"அன்ரி, சால்வையை எடுங்கோ, பாப்பம்." மருந்தாளர் ஜதுர்ஷிகா இங்கேயே பிறந்த பிள்ளை, தொடாமல், குனிந்து, வெளிச்சத்தில் பார்த்தாள். தோட்டத்தில் செடி ஏதும் வெட்டினீர்களா என்றாள், இல்லை. பெயின்ட், பசை, வாணிஷ்? வாணிஷ் எல்லாம் இவற்ற வேலை பிள்ளை, பழைய தளபாடம் திருத்துற இடம், ஜேர்மனியில இருக்கேக்க பழகினவர், இப்ப யப்பானிலயிருந்து வந்த ஒரு அலுமாரி, அதுக்கு ஏதோ மரத்தின்ர பால்தான் பூசவேணுமெண்டு ஆரோடயோ போனில கதைச்சவர்… சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, கணவரின் வேலையைப் பற்றித் தான் ஒட்டுக்கேட்டுத்தான் அறிந்திருக்கிறாள்.

"வாணிஷ் மாதிரிப் பூசுற லாக்கர் மரப் பாலா? அதேதான் அன்ரி. பயப்பிடாதேங்கோ, இது தொத்தாது, கொப்புளத் தண்ணியாலயும் பரவாது. பால் பட்ட இடத்தில மட்டும்தான் வரும், அதுவும் உடன வராது, ரெண்டு மூண்டு நாள் செல்லும். அங்கிளின்ர கை பட்டிருக்கும்." மாங்காய்ப் பால் பட்டால் வாயோரம் வெந்து கொப்புளிக்குமே, அந்தச் சாதிதானாம். அவருக்கு ஏன் ஒன்றுமில்லை? கனகாலம் புழங்கின சிலருக்கு வராதாம். குளிர்ந்த ஈரத்துணி போடுங்கோ, கலமைன் பூசுங்கோ, கடிக்கு இந்தக் குளிசையை விழுங்குங்கோ, சொறியாதேங்கோ, முகத்துக்கு ஸ்டீராய்ட் கிரீம் நான் சும்மா தர ஏலாது, டொக்டரிட்டக் காட்டுங்கோ, கண் வீங்கினா உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ… பிள்ளை சொல்லிக்கொண்டே போனாள், நகுலேஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், கை பட்டிருக்கும் என்ற இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள். "அங்கிளை வேலையால வெளிக்கிட முன்னமே சோப் போட்டு நல்லாக் கழுவச் சொல்லுங்கோ, கையுறையும் போடச் சொல்லுங்கோ. சரியா அன்ரி?" ஓம் என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். வலது பக்கம் சாய்ந்துதான் அவள் தூங்குவாள், இடது கன்னம் மேலே இருக்கும். மூன்று விரல், மேலிருந்து கீழே, அவசரமில்லாமல்… நின்றபடியா, முழங்காலில் இருந்தா, முழங்கால் நோகுமே அவருக்கு? அன்று மட்டுமா? இவ்வளவு காலமும் பகலில், திரைச்சீலை மூடின அறையில், அவள் அறியாமலா? மயிரை ஒதுக்கிவிட்டிருப்பார், வேறென்ன. இல்லை, மயிரை ஒதுக்கத் தாடைவரை வரத் தேவையில்லை. அழவேண்டும் போலிருந்தது, கண்ணீர் பட்டால் எரியுமோ என்று அடக்கினாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தான் அறிந்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடும், கூச்சப்பட்டுக் கிட்டவே வராமல் விட்டுவிடுவார், சொல்லாமல் விட்டால் நாளைக்கு அந்தப் பால் தன் கண்ணில் படும்…

கதவு திறந்தபோது அவள் படுத்திருக்கவில்லை, சோபாவில் நிமிர்ந்து இருந்தாள், ஈரத்துணி மடியில் கிடந்தது. ஞானேஸ்வரன் ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றாமல் நின்றார். "என்னது முகத்தில?" அவர் அவளிடம் கேள்வி என்று ஒன்று கேட்டு எவ்வளவு காலம்… "மரப்பாலாம். கையைக் கழுவிப்போட்டு…" என்றாள், மடியில் கிடந்த துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், ஒற்றைச் சப்பாத்தோடேயே குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடியது, நின்றது, திரும்பவும் ஓடியது. இவ்வளவு நேரம் கழுவுகிறாரே, இனித் தொடவே கூடாது என்று நினைத்துக் கழுவுகிறாரா, அல்லது… அவள் துணியைக் கன்னத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டு, குழாய் நிற்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.